மூன்று நிமிடம் இருபத்தாறு வினாடி

1 செப்டம்பர் 2025, திங்கட்கிழமை. பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்.

காலை 7.00. வானொலி மணியொலியோடு கைக்கடிகாரத்தை ஒப்பிட்டேன். வித்தியாசம் இல்லை.

தேசிய நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் இன்று விடுமுறை. ஓய்வு பெற்றுப் பதினெட்டு ஆண்டு, ஐந்து மாதம், பதினெட்டு நாள் ஆன மனிதனுக்கு விடுமுறை எதற்கு என்று என் மனைவி லூசி கேட்டாள். காரணம் உண்டு. 'பள்ளத்தாக்குச் சுற்று' சைக்கிள் பந்தயத்தின் பாதைக் கையேடு இன்று வெளியாயிற்று. அக்டோபர் 8 முதல் 12 வரை, ஐந்து நாள், பதினைந்து அணிகள்.

பெரிய பந்தயங்களைப் பார்க்க உலகம் இருக்கிறது; நான் தேவையில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்த ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்க, மரநிழல் வந்ததும் படம் உறைந்துபோக, என்னையும் சேர்த்துப் பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் பந்தயங்கள்தாம் எனக்கு. அவற்றுக்கும் பாதைக் கையேடு உண்டு. ஒவ்வோர் ஊரையும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் எப்போது கடப்பார்கள், 42இல் எப்போது, 44இல் எப்போது என மூன்று பத்திகள். ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தேழு ஆண்டு உட்கார்ந்தவனுக்கு இதைவிட இனிய வாசிப்பு வேறில்லை.

போட்டியாளர் பட்டியலில் 115ஆம் எண்: குரு. சாலாக் செலாத்தான்காரர், வயது 36. அணித் தலைவர்களுக்குத் தண்ணீர் போத்தல் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலை. ஒரு பந்தயத்திலும் வென்றதில்லை. ஆனால் 2014 முதல் அவர் தொடங்கிய பல நாள் பந்தயங்கள் 27, முடித்தவை 27. இந்தக் கணக்கு என் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கிறது. நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதுவே தம் கடைசிப் பந்தயம் என்று அவர் அறிவித்திருக்கிறார்.

6 செப்டம்பர் 2025, சனிக்கிழமை

போலந்தின் ஒரு மூலையில் நடக்கும் பந்தயம். நேரலை ஐந்து முறை அறுந்தது. லூசி தையலிலிருந்து தலையை உயர்த்தி, "அந்த மஞ்ச சட்டைக்காரன பாருங்க, நெஞ்செலும்பு தெரியுது. யாருமே சோறு போடறதில்லையா?" என்றாள். அவன்தான் வென்றான். வெல்பவரை லூசி இதுவரை நான்கு முறை சரியாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய முறை எனக்குப் பிடிபடவில்லை.

25 செப்டம்பர் 2025, வியாழக்கிழமை

மாலை 5.10க்கு ரபீக்கின் உணவகத்தில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். ரபீக் நல்ல மனிதர். ஞாயிறு காலைகளில் சைக்கிள் ஓட்டுவார், வயிறு மட்டும் ஒத்துழைப்பதில்லை. பள்ளத்தாக்குச் சுற்றின் நான்காம் நாள், காஜாங்கிலிருந்து கிள்ளான் வரை, கடைசி முப்பது கிலோமீட்டருக்குச் சாலைக் காவலர்களின் பொறுப்பாளர் அவர்தான்.

பாதை ஓரிடத்தில் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் தண்டவாளத்தைக் கடக்கிறது. கேட் உள்ள இடம். முடிவுக்குப் பதினேழு கிலோமீட்டர் முன்னால்.

"அங்கிள், அந்த கேட்டுதான் தலைவலி. ரயில்வேலேர்ந்து ஒரு நம்பர் குடுத்திருக்காங்க. முந்தின நாள் கூப்பிட்டு டைம் கேட்டுக்கணுமாம்."

நான் சிரித்தேன். இப்போது எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. அந்தத் தடத்தை நான் தூக்கத்திலும் சொல்வேன். "சனிக்கிழமை பதினொன்றரையிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் சரக்கு வண்டி கிடையாது ரபீக். நம்பர் எல்லாம் வேண்டாம்."

"கன்ஃபர்ம்மா அங்கிள்?"

"நான் எப்பவாவது பென்சில்ல எழுதி பார்த்திருக்கீங்களா?"

"இல்ல லா. அங்கிள் சொன்னா சரிதான்," என்று எண் எழுதிய தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் பொரட்டா மேசையைக் கவனிக்கப் போனார். அதை மடித்து என் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டேன். தாள்களை மேசையில் விட்டுப்போவது எனக்குப் பிடிக்காது.

பென்சில் பற்றிச் சொன்னது உண்மை. தவறு செய்யப் போகிறோம் என்று முன்பே தீர்மானித்தவர்கள்தாம் பென்சில் வாங்குவார்கள்.

8 அக்டோபர் 2025, புதன்கிழமை

முதல் நாள். குரு 71ஆவது. நிம்மதி.

9 அக்டோபர் 2025, வியாழக்கிழமை

இரண்டாம் நாள். குரு 80ஆவது. நேரலையில் ஒரே ஒரு தடவை தெரிந்தார்: சட்டைக்குள் ஆறு போத்தல்களைத் திணித்துக்கொண்டு முன்னேறினார். "அந்தாளுக்கு முதுகுல குட்டி போட்டிருக்கு," என்றாள் லூசி.

10 அக்டோபர் 2025, வெள்ளிக்கிழமை

விழுந்துவிட்டார். செலாயாங்கைத் தாண்டிய இறக்கத்தில், மழைக்குப் பின், ஐவரோடு. முழங்கால். எழுந்து ஓட்டிக் கடைசிக்கு முந்தியவராக முடித்திருக்கிறார். நாளை 148 கிலோமீட்டர். நேர வரம்பு, வென்றவரின் நேரத்தைவிட எட்டு விழுக்காடு மட்டுமே கூடுதல். அதைத் தாண்டினால் பந்தயத்திலிருந்து நீக்கம்.

நாளை கேட் அருகில் நிற்பேன். தூங்குமூஞ்சி மர நிழல் உண்டு. தண்டவாளத்துக்காக வேகம் குறைப்பார்கள், முதுகு எண்களைப் படிக்கலாம். குடை, குறிப்பேடு, பேனா இரண்டு, நிறுத்துகடிகாரம் எடுத்து வைத்தாயிற்று.

11 அக்டோபர் 2025, சனிக்கிழமை

கிள்ளான், பிற்பகல் 1.25. முடிவுக் கோட்டுக்கு எதிரே ஒரு சீனர் காப்பிக்கடை.  நடந்ததை நேர வரிசையில் எழுதுகிறேன்.

9.00 — காஜாங்கில் தொடக்கம்.

11.59.20 — பெருங்கூட்டம் கேட்டைக் கடந்தது. அழகான காட்சி. தண்டவாளத்தில் சக்கரங்கள் எழுப்பிய ஓசை சரக்கு ரயில் போவதைப் போலவே இருந்தது.

12.03 வரை சிறு சிறு குழுக்கள். 115 இல்லை. ரபீக் வோக்கி டோக்கியில் கேட்டுவிட்டு வந்து, "ஒரே ஒரு ஆளுதான் பின்னால அங்கிள். உங்காளு. ஒரு கால்லயே மிதிச்சிட்டு வராராம்," என்றார்.

12.08.52 — மணி அடித்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. கேட் மணி. முப்பத்தேழு ஆண்டு கேட்ட ஓசை, புரியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, தடுப்பு இறங்கியது, ரபீக் என்னைப் பார்த்தார். நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன், ஏதோ தவறு அதில் இருப்பதைப் போல.

12.09.14 — குரு வந்து நின்றார். ஒரு காலைத் தரையில் ஊன்றினார். கட்டுக்கு மேல் இரத்தம் ஊறியிருந்தது. அவருக்குப் பின்னால், பந்தயத்தின் வாலில் ஊர்ந்து வரும் கடைசி வண்டி. உச்சி வெயில், மர நிழல் சாலைக்கு எட்டவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலைக்கு மேல் குடையைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் உறைத்தது: இது வெளியுதவி ஆகுமா? விதியில் தண்ணீர் பற்றி உண்டு, தள்ளிவிடுவது பற்றி உண்டு, குடை பற்றி இல்லை.

"எத்தனை பெட்டி அங்கிள்?" என்று கேட்டார். பதினொரு ஆண்டில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"முப்பத்து நாலு. இன்னும் இருபது இருக்கு."

"என்னத்த ஏத்திட்டு போறான், மெதுவா?" என்றார். சிரித்தார். சிரிக்கிறார்! "போற எடத்துக்கு போகட்டும். எனக்குத்தான் அவசரம்."

12.12.40 — தடுப்பு எழுந்தது. கிளம்பினார். முதல் நான்கு மிதி நின்றுகொண்டே.

நின்ற நேரம்: மூன்று நிமிடம் இருபத்தாறு வினாடி.

வென்றவரின் நேரம் 3.22.10. வரம்பு 3.38.20. குரு 3.40.31. இரண்டு நிமிடம் பதினொரு வினாடி தாமதம். முடிவுத் தாளில் அவர் பெயருக்கு எதிரே இடமில்லை. கீழே தனியாக, 'நேர வரம்புக்கு வெளியே' என்ற தலைப்பில், ஒரே பெயர்.

என்ன பண்ணிட்டேன் நான். நம்பர் குறிப்பேட்டுலயே இருக்கு. ரெண்டு வாரமா பையிலயே இருக்கு. ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா போதும். பதினெட்டு வருஷத்துல அட்டவணை மாறியிருக்காதா? நான் வேலைய விட்டதும் ரயிலெல்லாம் அப்படியே நின்னுடுச்சுன்னு நெனச்சியாடா கிரிகரி?

அதே கடை, 1.50.

ரபீக் வந்து உட்கார்ந்தார். ஏற்பாட்டாளர் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டியிருக்கிறார்: ரயில்வே கொடுத்த எண்ணை ஏன் கூப்பிடவில்லை, அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பு உமக்கு இல்லை. குருவின் அணி மேலாளர் முறையிட்டிருக்கிறார். நடுவர் குழு ஏற்கவில்லை. கேட் மூடுவது பந்தயத்தில் நடக்கக்கூடிய ஒன்றுதான், அதற்காக நேரத்தைத் திருத்த மாட்டார்கள். எவ்வளவு நேரம் நின்றார் என்பதற்கும் சான்று இல்லை. கடைசி வண்டி ஓட்டுநர், "ஒரு நிமிஷம் இருக்கும்," என்று சொல்லியிருக்கிறார். ஒரு நிமிடமாம்.

"என் பேர சொன்னீங்களா?"

"எதுக்கு அங்கிள்? கூப்பிட வேண்டியவன் நான். நான்தான் கூப்பிடல." கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "நீங்க தே குடிங்க. மூஞ்சி வெள்ளையா இருக்கு. ஆன்டி என்னைக் கொன்னுடுவாங்க."

நடுவர் குழு 2.30க்கு இறுதித் தாளில் கையெழுத்திடுகிறது. இப்போது 1.57.

நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இதையும் எழுதி வைக்கிறேன், இந்த எண்ணம் வந்தது என்பதற்காக. ஏறக்குறைய ஒரு நிமிடம் இருந்தது. நிறுத்துகடிகாரம் வைத்து அளக்கவில்லை.

வீடு, இரவு 7.40.

2.04க்கு நடுவர் கூடாரத்துக்குள் நுழைந்தேன். ரபீக் பின்னால், "அங்கிள், வேண்டாம் லா, அங்கிள்," என்று என் சட்டையை இழுத்தபடி வந்தார்.

தலைமை நடுவர் தைவானைச் சேர்ந்த பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் இரண்டு நிறுத்துகடிகாரங்கள். நான் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பார்வையாளர் என்றேன். குறிப்பேட்டைத் திறந்து கேட் மூடிய நேரம், அவர் வந்து நின்ற நேரம், புறப்பட்ட நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, என் கைக்கடிகாரத்தைப் பந்தய அலுவலகக் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தார். பத்து வினாடி பார்த்திருப்பார். இரண்டு முள்ளும் ஒன்றாகவே நகர்ந்தன.

"இதை எப்போது சரிபார்த்தீர்கள்?"

"இன்று காலை ஏழு மணிக்கு. தினமும் ஏழு மணிக்கு."

தம் உதவியாளரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பிறகு கணக்குப் போட்டார்: மூன்று இருபத்தாறைக் கழித்தால் 3.37.05, வரம்புக்குள் ஒரு நிமிடம் பதினைந்து வினாடி. நிமிர்ந்தார். "கேட் இல்லையென்றால் அவர் உள்ளே வந்திருப்பார், சரி. ஆனால் ரயில் வருவது எதிர்பார்க்கக்கூடிய செய்தி. அது ஏன் உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை? அதற்குப் பதில் இல்லாமல் நான் விதிவிலக்குத் தர முடியாது."

ஏற்பாட்டாளர் ரபீக்கைப் பார்த்தார். ரபீக் தரையைப் பார்த்தார்.

நான் சொன்னேன். ரயில்வேயில் இருந்தவன் என்றும், ரயில் வராது என்று உறுதி கூறியவன் நான் என்றும், கூப்பிட வேண்டாம் என்று தடுத்ததும் நானே என்றும், என் அட்டவணை 2007ஆம் ஆண்டினது என்றும் சொன்னேன். எண் எழுதிய தாளை எடுத்து மேசையில் வைத்தேன். தலைமை நடுவர் ஒரு வெற்றுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் கையெழுத்திடுவீர்களா?"

எழுதினேன். பேனாவில்.

"வேறு ஏதாவது?" என்றார்.

"ஒன்று உண்டு. அவருக்குக் குடை பிடித்தேன். அது வெளியுதவியானால் தண்டனை எனக்குரியது, அவருக்கு வேண்டாம்."

அந்த அம்மையார் கையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார். தோள்கள் குலுங்கின. உதவியாளருக்கு அந்த அளவு கட்டுப்பாடு இல்லை.

2.41க்கு அறிவிப்புத் தாள் எண் 11 ஒட்டப்பட்டது. ஏற்பாட்டாளருக்குக் கிடைத்த தவறான தகவலால் ஏற்பட்ட அசாதாரணச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, 115ஆம் எண் போட்டியாளர் பந்தயத்தில் தொடர அனுமதிக்கப்படுகிறார். கையெழுத்திடப் பதினொரு நிமிடம் தாமதம். அதற்கும் காரணம் நானே.

கீழே: 'தகவல் அளித்தவர், பார்வையாளர் திரு. கிரிகரி.' இத்தனை ஆண்டுகளில் நான் படித்துச் சேர்த்துவைத்த அறிவிப்புத் தாள்கள் நானூற்றுக்கும் மேல். ஒன்றிலாவது என் பெயர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டதுண்டு. வந்துவிட்டது.

ஏற்பாட்டாளர் வெளியே வந்து ரபீக்கின் தோளில் தட்டினார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அது நியாயமே.

12 அக்டோபர் 2025, ஞாயிற்றுக்கிழமை

காலைப் பூசைக்குப் பின் லூசி கைப்பேசியை நீட்டினாள். பந்தயத்தின் பக்கத்தில் யாரோ போட்ட படம். "கேட்டுகிட்ட ஒரு மனுஷன் ராசாவுக்கு புடிக்கிற மாதிரி கொடை புடிச்சிட்டு நிக்கிறாரு. யாருடா இந்த ஆளுன்னு பார்த்தா, நம்ம வீட்டு கொடை."

நேற்று நடந்ததை முழுதாகச் சொன்னேன். இரவு சொல்லவில்லை. அவள் கேட்டுவிட்டு, "நாப்பத்தாறு வருஷமா காத்திருந்தேன்," என்றாள்.

"எதுக்கு?"

"நீங்க தப்புன்னு ஒரு பேப்பர்ல எழுதி சைன் வைக்கறதுக்கு. அந்த பேப்பரோட காப்பி கெடைக்குமா?"

இருவருமாக ஐந்தாம் நாள் பந்தயத்தைப் பார்க்கப் போனோம். கோலாலம்பூரில் ஒன்பது சுற்று. தீபாவளிக் கூட்டத்தால் நிற்க இடமில்லை; லூசி முறுக்கு மாவு பாக்கெட்டோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு தடுப்பு வரை போய்விட்டாள். குரு ஒவ்வொரு சுற்றிலும் கடைசி. ஆறாம் சுற்றில் எங்களைக் கடந்தபோது, "வா தம்பி, வா, ரயில் இல்ல," என்று லூசி கத்தினாள். நான் தலைகுனிந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

82 பேர் முடித்தார்கள். 82ஆவது: குரு.

28/28. பேனாவில்.

13 அக்டோபர் 2025, திங்கட்கிழமை

காலை 7.00. வித்தியாசம் இல்லை.

லூசி அறிவிப்புத் தாள் எண் 11ஐச் சட்டம் போடக் கொடுத்துவிட்டாள். திருமணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவாளாம். மறுப்புத் தெரிவித்தேன். ஏற்கப்படவில்லை.

20 நவம்பர் 2025, வியாழக்கிழமை

மாலை 5.10, ரபீக்கின் உணவகம். லூசியும் வந்திருந்தாள். குருவை ரபீக் வரச் சொல்லியிருந்தார். அவருடைய 28 பந்தயங்களின் பட்டியலை வரிசையாக நகல் எடுத்து, நாள், ஊர், இடம் எல்லாம் குறித்துக் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். 

"இதெல்லாம் யாராவது பார்ப்பாங்கன்னு நெனச்சதே இல்ல அங்கிள். எங்கம்மாவே ஜெயிச்சவன் பேரத்தான் கேப்பாங்க."

பிறகு 2017இல் பிலிப்பீன்ஸில் நடந்த ஒரு பந்தயத்தில் விரல் நின்றது. சிரிக்கத் தொடங்கினார்.

"என்ன?" என்றேன்.

"கடைசி நாள் புயல் அங்கிள். பந்தயத்தையே நிறுத்திட்டாங்க. எல்லாரும் பஸ்ஸுல போய் எறங்கினோம். அன்னிக்கு நான் முன்சீட்டு."

முடிவுத் தாளில் அது இல்லை. நேரலையும் அன்று இல்லை. தொடர்பு அறுந்தது என்று நினைத்திருந்தேன். லூசி தன் கோப்பையைக் கீழே வைத்தாள், வைக்காவிட்டால் சிந்தியிருக்கும். "இன்னொரு சட்டம் வாங்கணும் போலிருக்கே," என்றாள்.

திருத்தினேன்: 28/28, அவற்றுள் ஒன்று பேருந்தில். பக்கத்தில் இன்றைய தேதி, சுருக்கொப்பம்.

ரபீக் வந்து அமர்ந்தார். ஜனவரி 10, சனிக்கிழமை, கிள்ளானில் ஒரு நாள் பந்தயம். சாலைக் காவலர் பொறுப்பு மறுபடியும் அவருக்கே. குரு அணி வண்டி ஓட்டப் போகிறார். பாதை அதே கேட்டைக் கடக்கிறது. "முன்னாடி ஆளுங்க நண்பகலுக்கு அங்க வந்துடுவாங்க. அந்த நேரத்துல ரயில் எப்படி அங்கிள்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மேசையிலிருந்த மூவரும் என்னையே பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

ரயில்வே எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். கூப்பிட்டேன். மறுமுனையில் ஒரு பெண். நான் யார், எங்கே வேலை பார்த்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. நாளையும் இடத்தையும் சொல்லிக் காத்திருந்தேன்.

11.52க்கு ஒன்று இருக்கிறதாம். முந்தின நாள் மறுபடியும் கேட்டுக்கொள்ளச் சொன்னாள். லூசியின் கைப்பையில் பென்சில் இருந்தது. அதை வாங்கி எழுதிக்கொண்டேன்.